மயிரிழை தப்பாத எழுநூறு பேர்

நியாயாதிபதிகள் புத்தகம், 20ஆம் அதிகாரம், 16ஆம் வசனம். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பென்யமீன் கோத்திரத்தில் பொறுக்கி எடுத்த எழுநூறு பேர். அத்தனை பேரும் இடதுகைக்காரர்கள். ஒரு முடியைக் குறியாக வைத்தால்கூட அவர்கள் எறியும் கவண்கல் விலகாது. ('மயிர்' என்ற சொல்லைக் கோயிலில் சத்தமாக வாசிக்கக் கிடைக்கும் சில வாய்ப்புகளில் ஒன்று என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வசனம் ரொம்பப் பிடிக்கும்!)

தில்லியில் இதற்குத் தனி மவுசு உண்டு. ஜனவரி பிறந்தால் போதும், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழ் ஜெபக்கூட்டங்களில் விசேஷ ஜெபம் ஆரம்பித்துவிடும். பேச வருகிறவர் பத்துக்கு எட்டு தடவை இந்த எழுநூறு பேரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். "அவங்க எப்படிப் பயிற்சி எடுத்திருப்பாங்க? ஒரு மார்க்கூட விடக்கூடாது, ஒரு கேள்விகூடத் தப்பக்கூடாது!" ஜே.ஈ.ஈ., நீட், அப்புறம் கரோல் பாகிலும் முகர்ஜி நகரிலும் அறை எடுத்துப் படிக்கும் யு.பி.எஸ்.சி. பிள்ளைகள்... எல்லாருக்கும் இதே மருந்து. பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அம்மாக்கள் அதைவிட வேகமாகத் தலையாட்டுவார்கள்.

பயிற்சி எடு என்று சொல்வதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து பிழைக்கிற நமக்கெல்லாம் கையில் இருக்கிற தொழில்தானே முதலீடு. ஆனால் அந்த எழுநூறு பேர் எதற்காக அன்றைக்கு அங்கே வந்து நின்றார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கவண். நம் பிள்ளைகளிடம் சொன்னால் இங்கே எல்லாரும் சொல்லும் 'குலேல்' என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதாவது நம்ம ஊர்க் கவட்டை, உண்டிவில். அது ரப்பர் வந்த பிறகு வந்த சமாச்சாரம். கவண் என்பது நடுவில் ஒரு சின்னப் பை வைத்த நீளமான கயிறு. பையில் கல்லை வைத்து, இரண்டு நுனியையும் ஒரே கையில் பிடித்து, சுழற்றி, சரியான நொடியில் ஒரு நுனியை மட்டும் விட்டுவிட வேண்டும். நம் சங்கப் பாடல்களில் தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண்கள் கையில் இருக்கிறதே, அதே கவண்தான். பழைய காலத்தில் இது விளையாட்டு இல்லை, படைக்கலம். கி.மு. 701இல் அசீரியர் லாகீஸ் நகரத்தை முற்றுகையிட்ட காட்சியைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் வில்வீரர்களோடு கவண்காரர்களும் நிற்கிறார்கள். அந்த ஊரைத் தோண்டியபோது கவண்கற்களும் கிடைத்தன. கிட்டத்தட்ட டென்னிஸ் பந்து அளவு. தலையில் பட்டால் அவ்வளவுதான்.

அடுத்து அந்த இடதுகை. எபிரேய மூலத்தில் 'இடதுகைக்காரர்' என்று நேராக இல்லை. 'வலது கை கட்டப்பட்டவர்' என்பதுபோல ஒரு சொற்றொடர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதை 'இரண்டு கையும் வலதுகை போல உள்ளவர்' என்று எடுத்துக்கொண்டது. வலது கை ஊனமா, பிறவியிலேயே இடதா, அல்லது சின்ன வயதிலிருந்து வலது கையைக் கட்டிவைத்து இடது கையைப் பழக்கினார்களா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை. பென்யமீன் என்ற பெயருக்கே 'வலதுகையின் மகன்' என்று பொருள். அந்தக் கோத்திரத்தில்தான் இத்தனை நொட்டாங்கை! எக்லோன் ராஜாவைக் குத்திக் கொன்ற ஏகூதும் இதே பென்யமீன், இதே இடதுகை. கத்தியை வலது தொடையில் மறைத்துக் கொண்டுபோனான்.

எங்கள் வீட்டில் சின்னவள் இடது கையால்தான் எழுதுவாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் ஆச்சி கையைத் தட்டிவிடுவாள். "நொட்டாங்கையால கொடுக்காதட்டி." ஏகூதையும் எழுநூறு பேரையும் காட்டி ஆச்சியை மடக்கலாம் என்றுதான் நான் இந்த அதிகாரத்தை முழுசாக எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்து முடித்தபோது ஆச்சியும் மறந்துபோனாள், கையும் மறந்துபோனது.

ஏனென்றால் அதற்கு முந்தின 19ஆம் அதிகாரம் ஒரு பெண்ணைப் பற்றியது. அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரு லேவியனின் மறுமனையாட்டி. பயணத்தில் இருட்டிவிட, பென்யமீனியரின் ஊரான கிபியாவில் ஒரு கிழவர் வீட்டில் தங்குகிறார்கள். ஊர் ஆட்கள் வந்து வீட்டைச் சூழ்கிறார்கள். அந்தப் புண்ணியவான் லேவியன் தன் உயிருக்குப் பயந்து அவளை வெளியே தள்ளிவிடுகிறான். ராத்திரி முழுக்க அவளைச் சீரழிக்கிறார்கள். விடியும்போது அவள் வாசற்படியில் கை வைத்தபடி விழுந்து கிடக்கிறாள். அப்புறம் அவன் அவள் உடலைப் பன்னிரண்டு துண்டாக்கி நாடெங்கும் அனுப்புகிறான்.

இஸ்ரவேலர் எல்லாரும் கூடுகிறார்கள். உடனே சண்டைக்குப் போகவில்லை. முதலில் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள்: குற்றம் செய்தவர்களை மட்டும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. பென்யமீன் கோத்திரம் 'முடியாது' என்றது. மறுத்ததோடு நிற்காமல் ஊர் ஊராக ஆள் திரட்டியது. 26,000 பட்டயக்காரர்கள், கிபியாவிலிருந்து இன்னும் 700 பேர். அந்தப் பட்டியலில்தான் நம் வீரர்கள் வருகிறார்கள். எழுநூறு பேர், இடதுகை, மயிரிழை தப்பாது.

புரிகிறதா? அந்தத் திறமை முழுவதும் அன்றைக்கு வந்து நின்றது ஒரு பெண்ணைச் சீரழித்துக் கொன்றவர்களைக் காப்பாற்ற. அந்த எழுநூறு பேரில் ஒருவன்கூட அந்த இரவில் அந்த வாசலில் இருந்திருக்க வேண்டியதில்லை. நல்ல தகப்பன்மார்களாக, நல்ல அண்ணன்மார்களாகக்கூட இருந்திருக்கலாம். "நம்ம ஆளை எப்படி விட்டுக்கொடுப்பது?" என்ற ஒரே கேள்விக்காக வந்தவர்கள்.

எதிர்ப்பக்கம் 4,00,000 பேர். ஆனாலும் முதல் நாள் இஸ்ரவேலரில் 22,000 பேர் விழுந்தார்கள். இரண்டாம் நாள் 18,000. கவனியுங்கள், தப்பான பக்கம்தான் இரண்டு நாளும் ஜெயித்தது. 'ஜெயிக்கிறோம், அதனால் நாம்தான் சரி' என்று அன்றைக்குப் பென்யமீன் பாளயத்தில் பேசியிருக்க மாட்டார்களா என்ன? மூன்றாம் நாள் பதிவிடை வைத்துச் சுற்றி வளைத்தார்கள். பென்யமீனில் 25,000க்கு மேல் செத்தார்கள். மிஞ்சியது 600 பேர். ரிம்மோன் கன்மலையில் ஓடி ஒளிந்து நாலு மாதம் கிடந்தார்கள். அந்த எழுநூறு இடதுகை வீரர்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்கூட இல்லை.

ஜெயித்தவர்களும் ஒன்றும் சுத்தமில்லை. கோத்திரம் அழிந்துபோகாமல் இருக்க அந்த 600 பேருக்குப் பெண் வேண்டுமாம். அதற்காக யாபேஸ் ஊரை அழித்து 400 கன்னிப்பெண்களைக் கொண்டுவந்தார்கள். மீதிக்குச் சீலோவில் திருவிழாவில் ஆட வந்த பெண்களைத் தூக்கிக்கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்ததற்கு நியாயம் கேட்கப் புறப்பட்டு, அறுநூறு பெண்களுக்கு அநியாயம். அவனவன் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்த காலம் அது என்று சொல்லிப் புத்தகமே முடிகிறது.

இப்போது ஒரு சொல்லைப் பாருங்கள். கல் குறி விலகாது என்று சொல்லும் இடத்தில் எபிரேயத்தில் வரும் வினைச்சொல்லின் வேரும், வேறு இடங்களில் 'பாவம் செய்தல்' என்பதற்கு வரும் வேரும் ஒன்றேதான். குறி தவறுவதும் பாவமும் ஒரே சொல். இதைச் சொல்ல எபிரேயம் படித்த போதகர் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேண்டவே வேண்டாம், நமக்குத் தமிழ் போதும்! நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருப்பது 'தப்பு' என்ற வினை. குறி தப்பியது. தப்பு செய்தான். தப்பி ஓடினான். மூன்றும் நமக்கு ஒரே வேர். ஆக, ஒரு மயிரிழைகூடத் தப்பாதவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து செய்தது மகா தப்பு. கடைசியில் தப்பியது அறுநூறு பேர். எழுதியவர் இந்தக் குத்தலை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார் என்பது என் வாசிப்பு. கை தப்பவில்லை, ஆள் தப்பிவிட்டான்.

தில்லியில் உட்கார்ந்துகொண்டு இதை வாசிக்கும்போது பாரதம் ஞாபகம் வராமல் இருக்காது. நாம் தினமும் மெட்ரோவில் போய்வரும் குர்காவ் (2016இலிருந்து குருகிராம்) துரோணருடைய ஊர் என்பார்கள். புரானா கிலா இருக்கும் இடம்தான் இந்திரப்பிரஸ்தம் என்பது ஐதிகம். வடக்கே ஜி.டி. ரோட்டில் இரண்டரை மூன்று மணி நேரம் போனால் குருக்ஷேத்திரம். இந்தப் பக்கம் மீரட் தாண்டினால் அஸ்தினாபுரம். அங்கே சபையில் ஒரு பெண்ணின் சேலையை உருவியபோது பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். வில்வித்தையில் அவர்களுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. தடுக்கவில்லை. அப்புறம் அதே வில்லை அந்தப் பக்கத்துக்காகவே எடுத்துக்கொண்டு போனார்கள். நாம் இதற்குச் 'செஞ்சோற்றுக் கடன்' என்று அழகாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். கர்ணனுக்காகவும் கும்பகர்ணனுக்காகவும் நாம் விடும் கண்ணீர் கொஞ்சமா? நானும் விட்டவன்தான். ஆனால் அந்தச் சபையில் கௌரவர்களிலேயே ஒருவன், விகர்ணன், எழுந்து இது அநியாயம் என்றான். யுத்தம் தொடங்கும் முன் யுயுத்சு பக்கம் மாறிப் பாண்டவர்களிடம் போனான். அவனும் திருதராஷ்டிரன் மகன்தான். இந்த இரண்டு பேருக்கும் நாம் பாட்டு கட்டவில்லை.

பழங்கதை எதற்கு, இந்த ஊரிலேயே பார்க்கலாம். 1999 ஏப்ரல் 29 ராத்திரி மெஹ்ரோலியில் ஒரு விருந்து. மது முடிந்துவிட்டது என்று சொன்னதற்காக ஜெசிகா லாலைச் சுட்டார்கள். சுற்றிலும் எத்தனையோ பேர், பெரிய வீட்டு ஆட்கள். சுட்டவர் ஒரு அரசியல் பிரமுகரின் மகன். சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. இந்தியா கேட்டில் மெழுகுவர்த்தி ஏந்தி ஜனங்கள் நின்றார்கள். அதே 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 2010இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2013இல் தில்லி உயர்நீதிமன்றம் பொய்ச்சாட்சி நடவடிக்கை எடுக்கச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் துப்பாக்கி, தோட்டா நிபுணர். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு நேரே கிபியாதான் ஞாபகம் வந்தது.

"அது வடக்கத்தி ஆட்கள்" என்று நாம் தப்பிக்கவும் முடியாது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசுத் தரப்பு அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்றது. சி.பி.ஐ. விசாரித்து, வழக்கு இழுத்து, 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முப்பத்தியொரு வருஷம்! 'நம்ம டிபார்ட்மென்ட்' என்பதும் ஒரு கோத்திரம்தான்.

சரி, இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

யமுனைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பதினோரு குடும்பம் வாரம் ஒரு வீட்டில் ஜெபத்துக்குக் கூடுவோம். அதில் மூத்தவர் ஒரு அண்ணாச்சி. புதிதாக ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, கேஸ் கனெக்‌ஷன், பள்ளிக்கூட அட்மிஷன், ஆஸ்பத்திரியில் ரத்தம் என்று அவர் செய்யாத உதவி இல்லை. வேத வசனம் அதிகாரத்தோடு நாக்கு நுனியில் இருக்கும். எங்களுக்கெல்லாம் அவர்தான் தில்லி.

அவர் வீட்டில் வேலைக்கு ஜார்கண்டிலிருந்து ஒரு பெண் இருந்தாள். பத்தொன்பது வயது. அவளும் கோயிலுக்குப் போகிற பிள்ளைதான், ஆனால் ஜெபம் நடக்கும்போது அவளுக்கு அடுக்களையில்தான் இடம். பத்து மாசச் சம்பளம் கையில் வரவில்லை. "சேர்த்துத் தருகிறோம்" என்றே போய்க்கொண்டிருந்தது. வெளியே போக அனுமதி இல்லை. ஒருநாள் கையில் சூட்டுத் தழும்போடு எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அழுதிருக்கிறாள். அது என் மனைவி காதுக்கு வந்தது.

என் மனைவியும் கூட்டத்தில் இன்னொரு அக்காவும் முதலில் அண்ணாச்சியிடமே போய்க் கேட்டார்கள். சம்பளத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்கள். அவர் சிரித்துவிட்டு, "இது குடும்ப விஷயம்மா" என்றார். அடுத்த வாரம் ஜெபத்துக்குப் பிறகு பேச்சு எடுத்தபோது மற்றவர்கள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஊரு விட்டு ஊரு வந்து கிடக்கோம், நமக்குள்ள போலீஸ் எதுக்கு?" "வெளிய தெரிஞ்சா மதராசிகளைப் பத்தி என்ன நினைப்பான்?" "அண்ணாச்சி எவ்வளவு செஞ்சிருக்காரு, அதை நினைச்சுப் பாக்க வேண்டாமா?" பேசியவர்கள் யார் தெரியுமா? ஒருவர் வக்கீல். ஒருவர் டாக்டர். ஒருவர் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. அவரவர் தொழிலில் ஒரு மயிரிழை தப்பாதவர்கள்.

நான் அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அண்ணாச்சியின் உப்பை நாங்கள் எல்லாருமே தின்றிருக்கிறோம். எங்கள் பெரியவன் பிறந்த ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு நின்றவர் அவர். அந்தக் கடன் பொய்யில்லை. ஆனால் அந்தக் கடனை அடைக்க அந்தப் பெண்ணின் பத்து மாசச் சம்பளத்தை எடுத்துக் கொடுக்க எங்களுக்கு என்ன உரிமை?

மறுநாள் காலையில் நான், என் மனைவி, அந்த அக்கா மூவருமாக அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். புகார் எழுதிக் கொடுத்தோம். பணம் மூன்று தவணையில் வந்தது. அவளுடைய அண்ணன் வந்து ரயிலில் கூட்டிக்கொண்டு போனான். அதோடு பதினோரு குடும்பத்தில் எட்டுக் குடும்பத்துக்கு நாங்கள் ஆகாதவர்கள் ஆனோம். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அச்சு முறுக்கும் வராத முதல் வருஷம் அது. சின்னவள் கேட்டாள், "அப்பா, ஏன் யாரும் வரல?" பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் 1 நாளாகமம் 12ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. இதுவும் வீரர்கள் பட்டியல்தான். தாவீது சவுலுக்குப் பயந்து, பெலிஸ்தியர் கொடுத்த சிக்லாக் ஊரில் ஒளிந்திருந்த காலம். ராஜாவாவானா மாட்டானா என்பதே தெரியாது. அவனைத் தேடி ஒரு கூட்டம் வருகிறது. வில்லானாலும் கவணானாலும் இடது கை, வலது கை இரண்டாலும் விடத் தெரிந்தவர்கள். கோத்திரம்? பென்யமீன். சவுல் ராஜாவின் சொந்தக்காரர்கள்! அதைவிட முக்கியம், அவர்களுக்குத் தலைவராக வரும் அண்ணன் தம்பி இருவரின் தகப்பன் ஊர் எது தெரியுமா? கிபியா.

அதே ஊர், அதே கோத்திரம், அதே கைத்திறமை. முந்தின கதையில் நம்ம ஆள் என்பதற்காக நின்றார்கள். இந்தக் கதையில் நம்ம ஆளாகவே இருந்தாலும் அவன் செய்வது சரியில்லை என்று எழுந்து போனார்கள். திறமைசாலிகளைப் பற்றி வேதம் சொல்வது என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்வேன். தனித்தனியாக வாசித்தால் இரண்டுமே வெறும் வீரர் பட்டியல். சேர்த்து வாசித்தால் அது ஒரு கேள்வி: உன் கை யாருக்காக?

நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வக்கீலாவார்கள், டாக்டராவார்கள், வெளிநாடு போவார்கள், குறி தப்பாது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நாளைக்கு அவர்கள் ஆபீசிலோ, சபையிலோ, தமிழ்ச் சங்கத்திலோ ஒரு அண்ணாச்சி இருப்பார். அன்றைக்கு அவர்களுக்கு எழுந்து வெளியே நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கோச்சிங் கிளாஸ் கிடையாது. வீட்டில்தான் பழக வேண்டும்.

இப்போது நாங்கள் ஐந்து குடும்பம் கூடுகிறோம். எட்டில் இரண்டு திரும்பி வந்துவிட்டது. போன மாதம் அந்த 12ஆம் அதிகாரத்தை வாசித்தோம். வாசித்து முடித்ததும் அந்த அக்கா கேட்டார், "சிக்லாகுக்குக் கிளம்புன அன்னைக்கு அந்தப் பயலுவ வீட்ல அம்மாகிட்ட என்ன சொல்லிட்டுப் போயிருப்பானுவ?"

வேதத்தில் அது இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.